மஞ்சள் துணியில் முடிந்த ரூபாய்

அவர் கையில் காசைக் கொடுத்துவிட்டு உடனே டிக்கெட் வாங்கியவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. காசு உள்ளங்கையில் விழுந்ததும் அவருடைய கட்டைவிரல் அதன் விளிம்பைச் சுற்றி ஒரு நடை போய்வரும். பிறகு மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. அதற்குள் வண்டி அடுத்த ஸ்டாப்பைத் தாண்டியிருக்கும். இறங்க வேண்டியவன் கத்துவான். இவர் நிதானமாக விசிலை எடுத்து வாயில் வைப்பார்.

உத்திரமேரூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே ஓடிய தனியார் வண்டி ஒன்றில் அவர் கண்டக்டர். அதே முதலாளியிடம் நான் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். எழுபதுகளின் கடைசியில் சேர்ந்தேன். வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுவது என் உத்தியோகம். அவருடைய வண்டி போட்ட நேரத்துக்கு வந்ததாக எனக்கு நினைவே இல்லை. முதலாளி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான். ஆகையால் இந்த மனுஷரைப் பற்றிச் சொல்லும்போது என் பேச்சில் கொஞ்சம் கடுப்பு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் ஊரில் பாதிப் பேருக்கு விளங்காது. கோணக்காசு என்று சொன்னால்தான் விளங்கும்.

காசு அடிக்கிற தங்கசாலையிலும் யந்திரம் எப்போதாவது சறுக்கத்தான் செய்கிறது. சில காசுகளில் முத்திரை நடுவில் விழாமல் ஓரமாக விழுந்து, மிச்ச இடம் மொட்டையாக நிற்கும். சிலது அப்பளத்தைக் கடித்து வைத்ததுபோல ஒரு பக்கம் இல்லாமல் வரும். சிலதில் ஒரே எழுத்து இரண்டு தடவை விழுந்திருக்கும். இப்படி ஒன்று கைக்கு வந்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? கள்ளக்காசு என்று பயந்து, இருட்டான கடையாகப் பார்த்துத் தள்ளிவிடுவோம். பீடிக்கடைக்காரன் அதைத் திருப்பி நம் முகத்திலேயே எறிவான். அப்படி எறியப்பட்ட காசுகள் கடைசியாக வந்து சேரும் இடம் எங்கள் கோணக்காசின் சட்டைப் பை. கம்பெனிப் பையில் விழுந்த காசு அவருக்குப் பிடித்துவிட்டால், தன் பையிலிருந்து அதே மதிப்புக்கு நல்ல காசை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் அதை எடுப்பார். இதில் மட்டும் அவரை ஒரு சொல் சொல்ல முடியாது.

செல்லாத காசைச் சேர்த்து வைத்துக்கொண்டு என்னய்யா செய்வீர் என்று சேர்ந்த புதிதில் அவரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. டீ ஆறிப்போகும்வரை பேசினார். எல்லாக் கோணலுக்கும் விலை கிடையாது என்பது அவர் சொன்னதன் சாரம். தோசை கொஞ்சம் கோணலாக வந்தால் அது வெறும் தோசை. பாதி கல்லுக்கு வெளியே தொங்கினால்தான் நாலு பேர் வந்து பார்ப்பார்கள். முத்திரை ஒரு மயிரிழை நகர்ந்திருந்தால் யாரும் சீந்தமாட்டார்கள். பாதிக்குப் பாதி நகர்ந்திருக்க வேண்டும். நகர்ந்தும், காசு அடித்த வருஷம் மட்டும் அழியாமல் தெரிந்தால் அதற்குத் தனி மரியாதை. வருஷம் விளிம்புக்கு வெளியே போய்விட்டால் விலையும் கூடவே போய்விடும். இத்தனையும் இருந்து, பத்துப் பேர் கைபட்டு முகம் தேய்ந்திருந்தால் அதுவும் வீண்.

"தப்பு பெருசா கீதா, மூஞ்சி புதுசா கீதா, ரெண்டையும் பாக்கணும் சார்" என்றார். பெண் பார்க்கப் போகிறவர்கூட இவ்வளவு பார்க்கமாட்டார்.

கோணல் காசின் முகத்தில் அவர் விரல் வைத்து நான் கண்டதில்லை. சூடான டம்ளரைப் பிடிப்பதுபோல விளிம்பில் இரண்டு விரலால்தான் பிடிப்பார். பழைய வேட்டியைக் கிழித்துத் தனித்தனித் துணியில் சுற்றி, ஒரு சீவல் டப்பாவில் போட்டு, வீட்டில் பரண்மேல் வைத்திருந்தார். கழுவுவது, துடைப்பது என்ற பேச்சே அவரிடம் கூடாது. பஸ் ஸ்டாண்டு ஓட்டல்காரர் ஒருமுறை இவர்மேல் இருந்த பிரியத்தில், கல்லாவில் வந்த ஓரம் கடித்த நாலணா ஒன்றை எடுத்துவைத்தார். எடுத்துவைத்தவர் சும்மா இருந்திருக்கலாம். அழுக்காகக் கொடுப்பானேன் என்று புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார். இவர் வாங்கிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. நல்ல மனுஷரை வைய முடியாமல், அந்த நாலணாவுக்கு அங்கேயே நாஷ்டா சாப்பிட்டுவிட்டு அதையே கொடுத்துவிட்டு வந்தார். தேய்த்த காசு தோலுரித்த ஆடு மாதிரியாம், பிறகு என்ன செய்தாலும் பழைய தோல் வராதாம். அன்றைக்கெல்லாம் புலம்பித் தீர்த்தார்.

எங்கள் ஷெட் மெக்கானிக் விளையாட்டுப் பிள்ளை. இவரை ஏய்க்க வேண்டும் என்று ஐம்பது பைசா ஒன்றை வைஸில் வைத்து நசுக்கி, அரம் போட்டு ஓரத்தை எடுத்து, ஒரு பயணியிடம் கொடுத்து வண்டியில் அனுப்பினான். நாங்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தோம். வண்டி திரும்பி வந்தது. இவர் இறங்கி நேரே ஷெட்டுக்குப் போய் அந்தக் காசை மெக்கானிக்கின் கையில் வைத்தார்.

"தங்கசால தப்பு பண்ணும் நைனா. பொய் சொல்லாது. இது உன் வைஸு சொன்ன பொய்யி."

மெக்கானிக் சிரித்தான், நாங்களும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. பிறவியிலேயே வந்த கோணல் ஒரு சாதி, பிறந்த பிறகு கை வைத்து உண்டாக்கின கோணல் வேறு சாதி. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் அவருக்கு ஆகாது.

காசோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மனுஷர்களையும் இதே தராசில் வைத்தார். புதிதாக வந்த டிரைவருக்குத் திக்குவாய். வழக்கப்படி எல்லோரும் அவரைப்போலப் பேசிக்காட்டிக் கொண்டிருந்தார்கள். இவர் ஒருவர்தான் அதட்டினார். அது பிறக்கும்போதே வந்தது, அதில் வாய் வைக்காதீர்கள் என்றார். டிரைவர் இவரை அண்ணே அண்ணே என்று சுற்றிவந்தார். ஆறேழு மாதம் கழித்து அதே டிரைவர் சாராய வாடையோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். இது நீயாக நசுக்கிக்கொண்டது என்று இவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் விசில் கொடுத்ததோடு சரி. அந்த மனிதரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. டிரைவர் குடியை விட்டு, கோயிலில் சத்தியம் செய்து, வந்து நின்றபோதும் பேசவில்லை. தேய்த்த காசு தேய்த்ததுதான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என்ன மனுஷன் இவன் என்று தோன்றியது.

என்னையும் விட்டுவைக்கவில்லை. என் கோபம் பிறவி இல்லையாம், கம்பெனி கொடுத்ததாம். அதனால் அதற்கு விலை கிடையாதாம். போய்யா என்றேன்.

அவர் சம்சாரம் அதிகம் பேசாத பெண்மணி. கீற்றுக் கூரை வீடு. மழை வந்தால் எந்த மூலையில் எந்தப் பாத்திரத்தை வைக்க வேண்டும் என்று அந்த அம்மாளுக்குத் தலைகீழ்ப் பாடம். பரண்மேல் இருந்த டப்பாவுக்கு அந்த அம்மாள் வைத்திருந்த பெயர் பீடை. சம்பளத்தில் பிடுங்கிப் பீடைக்குப் போடுகிறார் என்று என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறார். இவரும் அதை மறுத்ததில்லை. எழுத்துத் தெரியாதவளுக்கு என்ன தெரியும் என்பதுபோல ஒரு சிரிப்பு.

இப்படி இருக்கையில்தான் அந்த ரூபாய் வந்தது.

திருமுக்கூடல் பக்கத்திலிருந்து கத்திரிக்காய்க் கூடையோடு காஞ்சிபுரம் போகிற ஒரு பெண்பிள்ளை அதைக் கொடுத்தாள். கொடுக்கும்போதே முனகினாள். எவனோ தலையில் கட்டிவிட்டானாம், எந்தக் கடையிலும் வாங்கமாட்டேன் என்கிறார்களாம். கண்டக்டர் வாங்கிப் பார்த்தார். ஒரு பக்கம் சிங்க முத்திரை எல்லா ரூபாயையும்போல மேடாக இருந்தது. திருப்பினால் ரூபாய் என்ற எழுத்தும் இல்லை, கதிரும் இல்லை, வருஷமும் இல்லை. அங்கேயும் அதே சிங்கம், பள்ளமாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறி. காசு தங்கசாலையை விட்டு நேரே இவர் கைக்கு வந்தது மாதிரி அப்படி ஒரு மெருகு. யாரும் வாங்காததால் யார் கையும் பட்டுத் தேயவில்லை. இது கோணல் காசு, நான் எடுத்துக்கொள்கிறேன், சந்தையில் இதற்கு விலை இருந்தாலும் இருக்கும் என்று அவளிடம் சொன்னாராம். முதலில் சனியனை எடு என்றாளாம் அவள். நல்ல ரூபாய்க்கு டிக்கெட்டும் சில்லறையும் வாங்கிக்கொண்டு, பைத்தியக்காரக் கண்டக்டர் என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றைக்கு வண்டி வந்த நேரத்தை எழுத எனக்கே வெட்கமாக இருந்தது. இறங்கியதும் என் மேஜைக்கு ஓடிவந்தார். முன்னால் அடித்த காசு யந்திரத்திலிருந்து விழாமல் அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்து வருகிற காசின்மேல் அச்சுக்குப் பதிலாக அந்தக் காசே பதிந்துவிடும். அதனால்தான் சிங்கம் பள்ளமாக, புரண்டு விழுந்திருக்கிறது, இந்த ஜாதித் தப்புக்கு மட்டும் வருஷம் தெரிய வேண்டியதில்லை என்றார். சொல்லிக்கொண்டே காசைத் துணியில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். கல்யாணத்தன்றுகூட அந்த மனுஷர் அப்படிப் பரபரத்திருப்பாரா என்பது சந்தேகம்.

லீவு நாளில் மெட்ராஸ் போய், மூர் மார்க்கெட்டில் பழங்காசு விற்கும் ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ரூபாயைக் கொண்டுபோகவில்லை. ரயிலில் உரசிவிடும் என்று பயம். கேட்ட கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம். வெளிநாட்டு ஆள் ஒருவர் இதே ஜாதிக் காசுக்கு அலைகிறார், முகம் நீங்கள் சொல்கிறபடி புதுசாக இருந்தால் இவ்வளவு தருகிறேன் என்று ஒரு தொகை சொன்னார். கீற்றை எடுத்துவிட்டுச் சீமை ஓடு போடலாம், மிச்சமும் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை தாமே உத்திரமேரூர் வந்து பார்ப்பதாகவும் சொல்லியனுப்பினார்.

இவர் அதை ஊர் முழுக்கச் சொன்னார். பீடிக்கடை, ஓட்டல், ஷெட், ஒன்றும் பாக்கியில்லை. ஓடு ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனை வருஷம் கோணக்காசு, கோணக்காசு என்று சிரித்தவர்கள் முன்னால் மெட்ராஸிலிருந்து ஒருவர் அந்தக் காசுக்காக வந்து இறங்க வேண்டும். அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. சம்சாரத்திடமும் ராவெல்லாம் அதே பேச்சு. அந்த அம்மாள் கேட்டுக்கொண்டு, மழைக்குப் பாத்திரம் நகர்த்திக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழை. பஸ் ஸ்டாண்டில் நான் அவர் வண்டிக்காகக் காத்திருந்தேன். வண்டி வரவில்லை, வழக்கம்தானே என்று இருந்தேன். சைக்கிளில் ஒருவன் நனைந்துகொண்டு வந்து, ஏரிக்கரையில் வண்டி சறுக்கி ஏரிக்குள் போய்விட்டது என்றான். ஊருக்குள் செய்தி எப்படிப் பறந்ததோ, கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் மழையோடு ஓடிவந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். வலது கையை இறுக மூடியிருந்தார். விரல் சந்திலிருந்து மஞ்சள் தண்ணீர் என் மேஜைமேல் சொட்டிற்று. துணியை மஞ்சளில் முக்கி, காசு வைத்து, பெருமாளுக்கு முடிந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்திருக்கிறார் என்பது தெரிந்தது. உயிருக்கு ஆபத்து என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் முதலில் செய்கிற காரியம் அதுதான். பெரிய காணிக்கைக்கும் அன்றைக்கு முடிகிற அந்த ஒரு ரூபாய்தான் அச்சாரம். முடிந்ததைக் கொண்டுபோய் உண்டியலில் போடும்வரை அவிழ்க்கக் கூடாது.

வண்டி ஏரிக்குள் போகவில்லை. கரையில் சரிந்து ஒரு புளியமரத்தில் சாய்ந்து நின்றிருந்தது. உயிர்ச்சேதம் இல்லை. சாயங்காலம் ஒரு டிராக்டரில் எல்லோரும் வந்து இறங்கினார்கள். இவருக்குக் கை மணிக்கட்டு பிசகி, நெற்றியில் ஒரு வெட்டு. அந்த அம்மாள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவர் பின்னாலேயே நடந்து வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட்காரர் வந்தார். சபாரி சூட், தோல் பை, பையில் பூதக்கண்ணாடி. நான்தான் வீட்டுக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் ஜனம் எட்டிப் பார்த்தது. கண்டக்டர் கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டுக்கொண்டு, புதுச் சட்டையில் காத்திருந்தார். பரண் டப்பா இறங்கிற்று. ஒவ்வொரு துணியாகப் பிரித்து ஓரம் கடித்தது, நகர்ந்தது, இரட்டை எழுத்து என்று காட்டிக்கொண்டே வந்தார். வந்தவர் பாராட்டினார். கடைசியாக மெத்தென்ற வெள்ளைத் துணி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

துணியில் ஒன்றும் இல்லை.

டப்பாவைக் கவிழ்த்தார். பாயைத் தூக்கினார். நெற்றிக்கட்டு வியர்த்து நனைந்தது. எனக்கு மேஜைமேல் சொட்டிய மஞ்சள் தண்ணீர் ஞாபகம் வந்தது. நான் சொல்லலாமா வேண்டாமா என்று இருக்கும்போதே அந்த அம்மாள் அடுப்படி வாசலில் வந்து நின்று, அது பெருமாள் படத்துக்குப் பின்னால் இருக்கிறது என்றார். படத்தின் பின்னால் மஞ்சள் முடிச்சு இருந்தது. இன்னும் ஈரம் காயவில்லை.

கண்டக்டர் கத்தவில்லை. அவர் குரல் தழைந்துதான் வந்தது. பாவம், அவசரத்தில் கைக்கு வந்த ரூபாயை எடுத்திருக்கிறாள் என்று எங்களிடம் சொல்லிவிட்டு, சம்சாரத்தைப் பார்த்து, தெரியாமல் செய்ததற்குப் பெருமாள் ஒன்றும் சொல்லமாட்டார், இதை எடுத்துவிட்டு வேறு ரூபாய் வைத்து முடிந்துவிடு என்றார்.

அந்த அம்மாள் எங்கள் எதிரில் அவ்வளவு நீளமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"தெரியாம ஒன்னியும் எடுக்கல. டப்பாவுல எத்தினியோ ரூபா கெடந்துச்சு, மாடத்துலயும் நல்ல ரூபா இருந்துச்சு. இவரு ராவும் பகலும் எத எடுத்து எடுத்துப் பாத்துக்கினு இருந்தாரோ அதத் தேடித்தான் எடுத்தேன். வண்டி ஏரில போயிடுச்சின்னாங்க. உசுரக் கேக்கறப்போ பெருமாளுக்குக் கழிஞ்சதையா குடுப்பாங்க?"

மூர் மார்க்கெட்காரர்தான் தொண்டையைக் கனைத்தார். வியாபாரி, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஈர மஞ்சள் காசின் முகத்தைத் தின்றுகொண்டிருக்கும், இன்னும் நாளானால் கறை உள்ளே இறங்கிவிடும், இப்போதே பிரித்தால் லேசான கறையோடு போகும், கொஞ்சம் குறைத்துக்கொண்டு நான் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதே முடிச்சில் வேறு ரூபாய் வைத்துவிட்டு, வருகிற பணத்தில் உண்டியலுக்குப் பெரிய நோட்டாகப் போட்டால் பெருமாளுக்கும் லாபம்தானே என்றும் சொன்னார். நியாயமாகத்தான் பட்டது. அந்த அம்மாளும் தடுக்கவில்லை. இவர் இஷ்டம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கண்டக்டர் முடிச்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். எனக்கு நினைத்ததை ஒளிக்கத் தெரியாது, சொல்லிவிடுகிறேன். ஊரே செல்லாக்காசு என்றபோது, அவர் சொன்ன விலையை அப்படியே நம்பிய ஆள் ஒரே ஒருத்தி. பீடை என்று சொல்லிக்கொண்டே நம்பியிருக்கிறாள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், ஏனென்றால் கண் கலங்கியிருந்தது.

"கட்னத அவுத்து வேற வெச்சா, அது நாம வைஸ்ல வெச்சு நசுக்கின மாதிரி ஆயிடும் சார்" என்றார். "காபி சாப்ட்டு போலாம்."

புரட்டாசியில் இருவரும் திருப்பதி போய்வந்தார்கள். துணியோடு அப்படியே உண்டியலில் போட்டதாகச் சொன்னார். அந்த வருஷமும் கீற்றுதான் மாற்றினார்கள். பஸ் ஸ்டாண்டில் சிரித்தார்கள். மெட்ராஸ்காரர் வெறுங்கையோடு போனதுதான் எல்லோருக்கும் தெரியும், மற்றது யாருக்குத் தெரியும்? இவரும் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை. திக்குவாய் டிரைவரோடு அந்த ஐப்பசியில் பேச ஆரம்பித்தார். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொரு மாற்றமும் வந்தது. நாலணா, எட்டணா எல்லாவற்றையும் பார்க்காமலே பையில் போட்டார். வண்டி நேரத்துக்கு வர ஆரம்பித்தது. முதலாளி என்னைப் பாராட்டினார். ரூபாய்க் காசு வந்தால் மட்டும் பழையபடி நிறுத்தி, சிங்கத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிப் பார்ப்பார். வருஷக்கணக்காக அப்படிச் செய்தார்.

ஒருநாள் அவர் வண்டியில் காஞ்சிபுரம் போனேன். ஒரு ரூபாயைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். உண்டியல் காசு பாங்குக்குப் போய், பாங்கிலிருந்து சில்லறையாக ஊருக்குள் வரத்தானே வேண்டும், அப்படி அது எப்போதாவது இவர் கைக்கே வராதா என்று தேடுகிறார் என்பது எனக்குத் தெரியும். வந்தால் மூர் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவீரா என்று கேட்டேன்.

"அவரு எடுக்க மாட்டாரு சார். மூஞ்சியில மஞ்சக் கற ஏறியிருக்கும். கால் வெல கூடத் தேறாது."

அப்படியானால் துடைத்து எடுத்துப்போகலாமே என்று சும்மா சீண்டினேன்.

"தொடைக்கறதா?" என்றார். "எனக்கு அந்தக் கறையோடதான் சார் வோணும்."

என் ரூபாயைப் பையில் போட்டுவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, அடுத்த சீட்டுக்கு நகர்ந்தார்.